கல் பொறுக்கும் மாப்பிள்ளைக்கு

லூயிஸ், சசெக்ஸ், இங்கிலாந்து.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஒன்றுதான் நலமில்லை, கொஞ்ச நாளாகத் தலைகாட்டவே இல்லை. உங்கள் கடிதம் கிடைத்தது. சின்ன வெங்காய விலை, மழை நிலவரம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் பெரிய கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரைக்கும் குளக்கல்நத்தத்துக்கும் வண்டியை விட்டுக்கொண்டு போய்த் தொல்லுயிர்ப் படிவக் கல் பொறுக்குகிற மனிதன், கட்டின மனைவியையும் சந்தோஷமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். அதை அவளுடைய அண்ணனிடமே கேட்டீர்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்காகவே நீளமாகப் பதில் எழுதுகிறேன். வழக்கில் நான் எதிர்த்தரப்புக்கு உறவுக்காரன் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் நான் கூப்பிடும் சாட்சிகள் யாரும் நம் வீட்டார் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால், உங்களைப் போலவே கல் பைத்தியம் பிடித்து இந்த நாட்டில் அலைந்தவர்களும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களும்தான் சாட்சிகள்.

முதலில் இந்த ஊர் நடப்பைச் சொல்கிறேன். வெள்ளைக்காரனுக்குப் பொழுதுபோக்கு என்பது ஏறக்குறைய ஒரு மதம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்குடிசை போட்டு ஷெட் என்று பெயர் வைத்திருப்பான். ஆம்பிளை அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கக்கூடாது. வீட்டில் ஷெட் இல்லாத ஆண்கள் ஒன்றுகூடிச் சுத்தியல் தட்டுவதற்கென்றே பொது ஷெட்டுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் தொடங்கி இங்கே பரவிய ஏற்பாடு அது. இன்னொரு கூட்டம் ரயில் நிலையத்து நடைமேடையில் மழையில் நின்று, போகிற வருகிற இன்ஜின்களின் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளும். அரியலூர் ஸ்டேஷனில் ஒருவன் இதைச் செய்தால் ரயில்வே போலீஸ் வந்து விசாரிக்கும். பெரம்பலூருக்கு இந்த வியாதி வர வாய்ப்பே இல்லை, ஊருக்கு இன்னும் ரயிலே வரவில்லையே. கோல்ஃப் ஆடப் போகிறவனின் பெண்டாட்டிக்கு இவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கோல்ஃப் விதவை'. புருஷன் குத்துக்கல்லாக உயிரோடு இருக்கும்போதே! நம் ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னால் பஞ்சாயத்து கூடிவிடும். இங்கே அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள். சிரிப்புக்குள் எத்தனை பங்கு சிரிப்பு என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு சீராகப் பொழுதுபோக்கும் நாட்டிலேயே அந்தப் பெயருக்குத் தேவை வந்திருக்கிறது என்றால், சிக்கல் உங்கள் வீட்டோடு முடிகிற சிக்கல் இல்லை என்று புரிகிறதல்லவா?

இந்தச் சிக்கலில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. வார இதழ்களின் மகளிர் பக்கமும் அதைத்தான் சொல்லும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவரும் அதைத்தான் சொல்வார்: "அவளையும் கூட்டிக்கொண்டு போ." மனைவியையும் பொழுதுபோக்கில் சேர்த்துவிட்டால் சண்டைக்கு வேலையில்லை என்று கணக்கு. நீங்களும் கடிதத்தில் இதைத்தான் கோடிட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை தங்கச்சியையும் காரைக்கு அழைத்துப் போகலாமா என்று. இந்த வைத்தியம் பலிக்காது என்பதற்கு உலகத்திலேயே சிறந்த சாட்சி இந்த லூயிஸ் ஊரில் இருந்திருக்கிறார். பெரிய தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. வாசல் பக்கத் தூண்களின் தலைப்பில் தாமரையோ யாளியோ இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் சுருண்ட ஓடுகளைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டீர்கள்.

அவர் பெயர் கிடியன் மாண்டெல். 1790இல் செருப்புத் தைப்பவர் மகனாகப் பிறந்து, மருத்துவரானவர். பகலில் நோயாளி, பிரசவம், இரவில் கல். 1816இல் மேரி ஆன் உட்ஹவுஸ் என்ற பெண்ணைக் கட்டினார். 1822இல் இந்தப் பக்கத்துத் தொல்லுயிர்ப் படிவங்களைப் பற்றி அவர் போட்ட பெரிய புத்தகத்துக்கு 42 படத்தகடுகள். அவற்றுக்கு உழைத்தவர் யார் தெரியுமா? மேரி ஆன் தான். சிப்பி சிப்பியாக, வரி வரியாக. அதோடு முடியவில்லை. புருஷன் நோயாளி வீட்டுக்குள் போயிருந்தபோது வெளியே காத்திருந்த மேரி ஆன், பாதையோரத்து ஜல்லிக் குவியலில் விசித்திரமான பல் ஒன்றைக் கண்டெடுத்தார் என்றும், அந்தப் பல்தான் இக்வானடான் என்ற விலங்கை உலகுக்குக் காட்டியது என்றும் ஒரு கதை உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையை முழுசாக நம்புவதில்லை, நானும் அதன் மேல் பாரம் ஏற்றவில்லை. 1825இல் மாண்டெல் இக்வானடானுக்குப் பெயர் வைத்தார். உலகத்தில் பெயர் பெற்ற இரண்டாவது டைனோசர் அது. இப்போது சொல்லுங்கள், மனைவியை இதைவிட ஆழமாக ஒரு பொழுதுபோக்கில் சேர்க்க முடியுமா? காரைக்கு ஒரு நடை அழைத்துப் போவதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்குமா?

ஆனாலும் 1839இல் மேரி ஆன் வீட்டை விட்டுப் போய்விட்டார். நடுவில் நடந்தது இதுதான். 1833 முடிவில் மாண்டெல் குடும்பத்தோடு பக்கத்துக் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார். பெரிய மனிதர்கள் வந்து தங்கும் ஊர், தொழில் பெருகும் என்று கணக்கு. நோயாளிகள் வரவில்லை, கல் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வீடே அருங்காட்சியகம் ஆனது. கல்லுக்கு இடம் விட்டுக் குடும்பம் வேறு ஜாகை பார்க்க வேண்டியதாயிற்று. வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணமாவது கறாராக வாங்கினாரா என்றால், அதுவும் இல்லை. ஆர்வமாகப் பார்க்கிறவனிடம் காசு கேட்க அவருக்கு மனசு வராது. கடைசியில் 1838இல் மொத்தச் சேகரிப்பையும் 4,000 பவுனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். கல் போயிற்று, மறு வருடம் மனைவியும் போனார். அதே வருடம் மகன் வால்டரும் நியூசிலாந்துக்குக் கப்பலேறினான். அங்கே போயும் பிள்ளை சும்மா இருக்கவில்லை, மோவா என்ற அழிந்துபோன பறவையின் எலும்பைப் பொறுக்கி அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இது ரத்தத்தில் ஓடுகிற விவகாரம், மாப்பிள்ளை. உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இதற்கு எதிர்ச்சாட்சி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். வில்லியம் பக்லண்ட், புவியியல் ஆசிரியர். உலகத்தின் முதல் டைனோசருக்கு, மெகலோசாரஸுக்கு, 1824இல் பெயர் வைத்தவர். அந்தத் தாடை எலும்பின் படத்தை வரைந்த பெண்ணின் பெயரும் மேரிதான், மேரி மார்லண்ட். அடுத்த வருடம் அவரையே பக்லண்ட் கல்யாணம் செய்துகொண்டார். தேனிலவு என்று ஐரோப்பா முழுக்கக் கல் பார்த்துச் சுற்றினார்கள். அவர்கள் வீட்டைப் பார்த்திருந்தால் மாண்டெல் வீடு கோயில் போலத் தெரிந்திருக்கும். அறைக்கு அறை எலும்பு, உயிரோடு திரியும் விலங்குகள் வேறு. பக்லண்டுக்கு உலகத்து உயிர்களையெல்லாம் ஒரு வாயாவது தின்று பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. சாப்பாட்டு மேஜையில் ரொட்டி மேல் சுண்டெலி வரும். ஒரு நடுராத்திரி, கல்லில் பதிந்திருந்த ஒரு காலடித்தடம் ஆமையினுடையதாக இருக்குமோ என்று திடீரென்று சந்தேகம் வந்து அவர் மனைவியை எழுப்ப, அந்த அம்மாள் சமையலறைக்குப் போய் மாவு பிசைந்து மேஜையில் பரப்ப, இவர் தோட்டத்து ஆமையைத் தூக்கி வந்து அதன் மேல் நடக்கவிட, தடம் ஒத்துப்போயிற்றாம். இராத்திரி இரண்டு மணிக்கு ஆமைக்காக மாவு பிசையச் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்யாணம் கடைசிவரை முறியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, வீடு நிறையக் கல் இருந்தது காரணமில்லை; பக்லண்ட் வீட்டிலும் இருந்தது. மனைவியைச் சேர்க்காமல் விட்டதும் காரணமில்லை, மாண்டெலும் சேர்த்துக்கொண்டார். வித்தியாசம் எங்கே என்றால், மேரி மார்லண்டுக்குக் கல் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்தது. அவர் தாமாகவே சேகரித்தார், பிரான்சில் கூவியே போன்ற பெரிய விஞ்ஞானிக்கே படம் வரைந்து கொடுத்தார். புருஷனிடமிருந்து அந்த ஆசையை வாங்கிக்கொள்ளவில்லை. புருஷன் 1856இல் இறந்த பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை. இதே சசெக்ஸ் கடற்கரையில், செயின்ட் லெனார்ட்ஸில், தள்ளாத வயதில் நுண்ணோக்கியில் கடலுயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்துதான் மறு வருடம் கண்மூடினார். மேரி ஆன் மாண்டெல் செய்ததோ புருஷனுடைய பொழுதுபோக்குக்கு ஊழியம். அந்த வீட்டில் பொழுது ஒருவருக்கு, போக்குவது இன்னொருவர். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மனைவிக்குப் பொறாமை உங்கள் கல்லின் மேல் இல்லை, உங்களுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதன் மேல்தான். அவளை உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இழுத்துப் போட்டால், அவளுக்கென்று ஒன்று வந்துவிடாது. பக்லண்டையும் ஒரேயடியாகப் புகழ வேண்டாம். விஞ்ஞானிகள் கூடும் மாநாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று 1832இல் எழுதினவரும் அதே ஆள்தான். மாவு பிசைய மேரி வேண்டும், மேடைக்கு வேண்டாம்!

"சரி, வாரம் பூராவும் உழைக்கிறேன், ஒரு நாள் எனக்கு இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், நம் ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று 2019இல் ஒரு முறையும் 2024இல் ஒரு முறையும் நாடு முழுக்கக் கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019இல் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. கவனித்தீர்களா? இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகக் குறைந்திருக்கிறது. ஐந்து வருட முன்னேற்றம் ஒரு நிமிடம்! இந்த வேகத்தில் சமத்துவம் வருவதற்குள் உங்கள் அரிசி டிரம்மே படிவமாகிவிடும். இதிலும் ஆண்கள் கணக்கில் வருவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் மட்டும்தான். 2019இல் நூற்றுக்கு 26 பேர். இந்த 201 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்கு இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய ஒரு முழு நாள், இராப்பகல் சேர்த்து. உங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா? இங்கிலாந்து மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 2016இல் இவர்கள் அரசு வெளியிட்ட கணக்கின்படி, கூலியில்லா வேலை பெண்ணுக்கு வாரம் 26 மணி நேரம், ஆணுக்கு 16. பாத்திரம் கழுவவும் கக்கூஸ் தேய்க்கவும் வேலைக்கு ஆள் கிடைக்காத இந்த ஊரில் ஆண்கள் கொஞ்சம் குனிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் குனிந்திருக்கிறேன். அதை ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

அடுத்த ஆட்சேபம் உங்கள் அம்மாவிடமிருந்து வரும். "எங்கள் காலத்தில் எந்தப் பொம்பளை பொழுதுபோக்கு என்று கேட்டாள்? நாங்கள் சந்தோஷமாக இல்லையா?" அத்தை சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன், ஆகவே உங்களிடம் மெதுவாகச் சொல்கிறேன். அவர்களுக்கும் பொழுதுபோக்கு இருந்தது. மார்கழி விடியலில் பனியில் உட்கார்ந்து வாசலை அடைத்து ஒரு மணி நேரம் கோலம் போட்டது சாணி தெளிப்பதன் தொடர்ச்சி இல்லை. நாலு தெருவும் வந்து பார்க்கட்டும் என்ற கலை ஆசை. பல்லாங்குழி, தாயம், கும்மி, விளக்குப் பூஜைக்கு நாலு பேர் சேர்ந்து நடந்து போவது, எல்லாமே அதுதான். ஆனால் எதையும் 'எனக்குப் பிடிக்கிறது, செய்கிறேன்' என்று சொல்ல முடியாது. வேண்டுதல், நோன்பு, சம்பிரதாயம் என்று ஒரு போர்வை வேண்டும். ஆம்பிளை தன் பொழுதுபோக்குக்கு வேலை என்று பெயர் வைத்தான், பொம்பளை பக்தி என்று பெயர் வைத்தாள். நம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கிறார்கள். மற்ற நாள் அம்மன் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது ஐதீகம். வாரத்தில் ஐந்து நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் தன் மலையில் தன் போக்கில் இருக்க அம்மனுக்கு உரிமை கொடுத்த ஊர், வீட்டுப் பெண்ணுக்கு அரை நாள் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறது. (அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். தேங்காய் ஒன்று என் பெயரில் உடைத்துவிடுங்கள்.)

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு ஆட்சேபம் வரும்: "இவ்வளவு வம்பு எதற்கு, கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானே?" இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பொழுதுபோக்கு இல்லாத புருஷன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறான்? கட்டிலில் படுத்துக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டு மணிக்கொரு தரம் காபி கேட்கிறான். அதற்குக் காரை மேல். மேலும் அரியலூர்ச் சீமை உலக வரைபடத்தில் ஏறியதே பொழுதுபோக்கினால்தான். 1840களில் கே, கன்லிஃப் என்று மதராஸ் சிவில் சர்வீஸ்காரர்கள் இரண்டு பேர், சம்பளம் வாங்கிய உத்தியோகத்தோடு அந்தப் பக்கமெல்லாம் கல் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகுதான் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற அரசாங்கப் புவியியலாளர் வந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே பாறை அடுக்குகளைப் பிரித்து 1862இல் அறிக்கை போட்டார். அவருக்குப் பின் ஸ்டோலிச்கா என்பவர், அம்மோனைட்டிலிருந்து நத்தை வரை அங்கத்திய படிவங்களைத் தொகுதி தொகுதியாக எழுதினார். அவருக்கு உங்கள் பிரச்சினையே இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 36 வயதில் லடாக் மலையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனார். அந்தத் தீர்வை நான் சிபாரிசு செய்யவில்லை.

காரை மண்ணை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழையில் அரித்து வரி வரியாகப் பிளந்து கிடக்கும் அந்தக் களிமண் மேட்டில் ஜிப்சம் கீற்று வெயிலில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கிக் குண்டு போல ஒரு விரல்கட்டைக் கல். கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் ஓடு. சுமார் பத்து கோடி வருடத்துக்கு முன் கடலுக்குள் இருந்த இடம் அது. வேறு எங்கே ஒரு மனிதன் பஸ் பிடித்துப் போய் இதைக் கையில் எடுக்க முடியும்? ஆனால் இதையே ஆட்சேபமாகத் திருப்பி என்னிடம் நீட்டாதீர்கள். நீட்டுவீர்கள் என்று தெரியும். "மச்சான், இது காத்திருக்காது. சுண்ணாம்புக்கல்லை வெட்டி வெட்டி லாரியில் ஏற்றி சிமென்ட் ஆக்குகிறார்கள். மழை வந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். கல்லமேட்டில் தோண்டின ராட்சத டைனோசர் எலும்பே பொடிப்பொடியாகி மிஞ்சவில்லை. மனைவி எங்கே போய்விடப் போகிறாள்?" இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் மாண்டெலும் நம்பினார். அழிந்துவிடும் என்ற அவசரம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை அள்ளிவந்து பரணில் போடும் சாக்குமூட்டையால் அந்த அழிவு நிற்காது. அது அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய வேலை. சாத்தனூரில் பூங்கா கட்டி வேலி போட்ட கல்மரத்தைப் பாருங்கள். 18 மீட்டர் நீளம், 12 கோடி வருடம், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. அதை யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. அதனால்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் வீட்டு விவகாரத்தையும் பேசிவிடுகிறேன். மாண்டெல் வீட்டில் காசு மட்டுமல்ல, இடமும் சிக்கலாயிற்று. பெண்ணுக்கு வீட்டில் தன் பெயரில் ஒரு பட்டா இல்லாவிட்டாலும், எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் என்பதில் ஓர் ஆட்சி இருக்கிறது. அதற்குள் கல் நுழைந்தால் படையெடுப்பு. கட்டிலுக்கடியிலிருந்து பரணுக்கு, பரணிலிருந்து பூஜை அறைக்கு என்று கல் நகர்வதை நிறுத்துங்கள். பூஜை அறையில் வைத்தால் எடுக்க மாட்டாள் என்று தந்திரம் செய்யவும் வேண்டாம். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்பது உண்மை, ஆனால் காரையில் பொறுக்கியதற்கெல்லாம் அபிஷேகம் செய்யச் சொன்னால் உங்கள் பொழுதுபோக்குக்குத் தினசரி வேலையாள் ஒருத்தியை நியமித்ததாகிவிடும். ஒரே ஓர் அலமாரி, பூட்டோடு. நிரம்பிவிட்டால் ஒன்றை வெளியே எடுத்துத்தான் இன்னொன்றை உள்ளே வைக்கலாம். எடுத்ததைப் பள்ளிக்கூடத்துக்கோ வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். 2020இல் குன்னத்தில் ஏரி தோண்டியபோது கிடைத்த உருண்டைக் கல்லையெல்லாம் டைனோசர் முட்டை என்று ஊரே கூடிக் கொண்டாடியது, பார்த்தவர்கள் வந்து வெறும் கல்லுருண்டை என்றார்கள். அந்த மாதிரி உங்கள் சேகரிப்பிலும் பாதி வெறும் கல்லாகத்தான் இருக்கும். அலமாரி ஒன்று என்றால் எது கல், எது படிவம் என்ற அறிவும் தானாக வந்துவிடும்.

"இப்படி மணிக்கணக்கு, அலமாரிக் கணக்கு என்று எழுதி வைத்தால் அது குடும்பமா, கூட்டுறவுச் சங்கமா? அன்புக்குக் கணக்கு உண்டா?" என்று கேட்கலாம். உண்டு. கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று 1838இல் காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர் சார்லஸ் டார்வின். கல்யாணம் செய்தால் நேரம் போய்விடுமே என்பதுதான் அவர் பெரிய கவலை. 1839 ஜனவரியில் எம்மாவைக் கட்டினார், மேரி ஆன் மாண்டெல் வீட்டை விட்டுப் போன அதே வருடம். இவர்களுக்கு ராத்திரிதோறும் இரண்டு ஆட்டம் பேக்கேமன் உண்டு, நம் தாயக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். வெற்றியும் தோல்வியும் கணக்கெழுதி வைத்தார்கள். 1876இல் டார்வின் நண்பருக்கு எழுதும்போது எம்மா 2,490 ஆட்டம், தாம் 2,795 ஆட்டம் என்று குதூகலித்தார். ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆட்டம் உட்கார்ந்து ஆடிய புருஷன் பெண்டாட்டியை எனக்கு வேறு எங்கும் காட்ட முடியுமா? கணக்கே பார்க்காத வீட்டில் பணம் யார் பையிலிருந்து போகிறது என்று தெரியாது. தெரியாதபோது போவது எப்போதும் ஒருத்தி பையிலிருந்துதான். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கியதே, தொகை பெரிசா சிறிசா என்பதை விடுங்கள். வீட்டு வேலையும் ஒரு கணக்கில் வரக்கூடியது என்று அரசே பேரேட்டில் எழுதிவிட்டது. நாம் எழுத என்ன கூச்சம்?

உங்கள் கடைசி அஸ்திரம் எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. "கடல் தாண்டிப் போன நீங்கள் எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்களா? லப்பைக்குடிகாட்டிலும் பெரம்பலூரிலும் எத்தனை வீட்டில் புருஷன் துபாயிலும் சிங்கப்பூரிலும் வருடக்கணக்காக இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு பேச்சா?" நல்ல அடி. இதற்குத் தொல்காப்பியரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். தலைவன் தலைவியைப் பிரியலாம் என்று அவர் ஒத்துக்கொண்ட காரணங்கள் படிப்பு, போர், தூது, பொருள் போன்றவை. கடல் பயணத்தில் பெண்ணைக் கூட்டிப் போகும் வழக்கமில்லை என்று ஒரு சூத்திரத்துக்குப் பொருள் சொல்வார்கள். அதை விசாவுக்கு அலைந்தவன் எவனும் ரசிக்க மாட்டான். கல் பொறுக்கப் பிரிதல் என்று ஒரு துறை அவர் பட்டியலில் எங்கும் இல்லை. சம்பாதிக்கப் போனவனின் பிரிவு வலிக்கிறது என்பது உண்மைதான், அதை இலேசாக நினைக்கவில்லை. ஆனால் அந்த வலிக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், பிள்ளை படிப்பு என்று காரணம் இருவருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: காரைக்குப் போகலாம், மாதத்தில் இரண்டு ஞாயிறு. மற்ற இரண்டும் தங்கச்சியுடையவை. அன்றைக்கு இட்லியும் உங்கள் கை, பாத்திரமும் உங்கள் கை, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் கை. அவள் அந்த நாளில் என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள். டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் ஏறி எங்காவது போய்விட்டு வரட்டும், தையல் படிக்கட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். தூக்கமும் ஒரு பொழுதுபோக்குதான், நம் வீட்டுப் பெண்களுக்கு எட்டாத பொழுதுபோக்கு. எந்த இரண்டு ஞாயிறு அவளுக்கு என்று முடிவு செய்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்த வரியை மட்டும் தங்கச்சி கைப்பட எழுத வேண்டும். "இரண்டு பேரும் சேர்ந்தே காரைக்குப் போகிறோம் மச்சான்" என்று நீங்கள் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்